ஏற்றத்தில் குழு ஏன் சிதறுகிறது?

மயிலாடும்பாறையைச் சுற்றி மலைகள். தெற்கே வருசநாட்டு மலை, மேற்கே மேகமலை, கிழக்கே ஆண்டிபட்டி மலைத்தொடர். திறந்து கிடப்பது வடக்குத் திசை மட்டும்தான். வைகையும் அந்த வழியாகத்தான் வெளியேறுகிறது. நீண்ட பயணம் போகிற சைக்கிள் குழு ஒன்று ஆடி மாதக் காலையில் இங்கிருந்து கிளம்புகிறது என்று வைத்துக்கொள்வோம். போய்ச் சேர வேண்டிய இடம் போடிமெட்டு. கடமலைக்குண்டு, கண்டமனூர் வழியாகத் தேனி, அங்கிருந்து மேற்கே போடிநாயக்கனூர், அதன் பிறகு முந்தல் சோதனைச் சாவடியைத் தாண்டிப் பதினேழு கொண்டை ஊசி வளைவுகள்.

தேனி வரை குழு ஒன்றாகவே வரும். போடி வரையிலும்கூட அப்படித்தான். முந்தலைத் தாண்டிய கால்மணி நேரத்தில் அது குழுவாக இருக்காது. முதல் ஆளுக்கும் கடைசி ஆளுக்கும் இடையில் இரண்டு வளைவுகள், பிறகு நான்கு வளைவுகள் என்று இடைவெளி கூடிக்கொண்டே போகும். இதைப் பயிற்சிக் குறைவு என்றும், மனத்திடம் போதவில்லை என்றும் சொல்லிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. சமவெளியில் இவர்களை ஒன்றாகக் கட்டி வைத்திருந்தது காற்று. மலையில் அந்தக் கட்டு அவிழ்ந்துவிடுகிறது. எப்படி என்று கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம்.

சைக்கிள் ஓட்டுபவரை எதிர்க்கும் விசைகள் மூன்று. டயர் தரையில் அழுந்தி உருள்வதால் வரும் உராய்வு, காற்றின் எதிர்ப்பு, ஏற்றத்தில் பூமியின் ஈர்ப்பு. 70 கிலோ எடையுள்ள ஒருவர், சைக்கிளும் பையும் தண்ணீரும் சேர்த்து 15 கிலோ, ஆக மொத்தம் 85 கிலோ என்று கொள்வோம். பழகிய ஒருவர் மணிக்கணக்கில் தளராமல் கொடுக்கக்கூடிய திறன் 150 வாட் அளவில் இருக்கும். காற்றில்லாத சமவெளியில் இந்த 150 வாட் அவரை மணிக்கு 27 கிலோமீட்டர் வேகத்தில் கொண்டுபோகும். அந்த வேகத்தில் அவருடைய உழைப்பில் ஏறக்குறைய முக்கால் பங்கு காற்றைப் பிளப்பதற்கே செலவாகிறது. டயருக்குப் போவது மீதிக் கால் பங்கு.

காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடியாகக் கூடும். வேகம் இரண்டு மடங்கானால் எதிர்ப்பு நான்கு மடங்கு. எதிர்ப்புக்கு எதிராகக் கொடுக்க வேண்டிய திறனோ எட்டு மடங்கு. முன்னால் போகிறவரின் முதுகுக்குப் பின்னே காற்று ஏற்கெனவே கலைந்து அவரோடு கொஞ்சம் இழுபட்டு வருவதால், பின்னால் ஒட்டி வருகிறவருக்கு இந்தச் செலவில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை மிச்சமாகும். ஆள் கூடக்கூட மிச்சமும் கூடும். நெதர்லாந்தின் ஐன்டோவன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பெர்ட் பிளோக்கன் குழுவினர் 121 சைக்கிள்கள் நெருங்கிச் செல்லும் கூட்டத்தைக் கணினியிலும் காற்றுச் சுரங்கத்திலும் ஆராய்ந்து 2018இல் வெளியிட்டார்கள். கூட்டத்தின் நடுவே பின்பகுதியில் இருப்பவர் தாங்குவது, தனியாகப் போகிறவர் தாங்கும் எதிர்ப்பில் 5 முதல் 10 சதவீதம் மட்டுமே என்று அதில் தெரியவந்தது. இன்னொன்றும் உண்டு. பின்னால் ஒருவர் ஒட்டி வந்தால் முன்னால் போகிறவருக்கும் சிறிதளவு லாபம். அவருடைய முதுகுக்குப் பின்னே உண்டாகும் குறைந்த அழுத்தத்தைப் பின்னால் வருபவர் ஓரளவு நிரப்பிவிடுகிறார். கூட்டமாகப் போவதில் நஷ்டப்படுகிறவர் யாருமே இல்லை.

தேனி மாவட்டத்தில் இந்தக் கணக்குக்குத் தனி அழுத்தம் உண்டு. தென்மேற்குப் பருவக்காலத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையின் இடைவெளிகள் வழியாகக் காற்று இந்தப் பள்ளத்தாக்குக்குள் பாய்கிறது. கண்டமனூர், ஆண்டிபட்டிப் பக்கம் வரிசையாக நிற்கும் காற்றாலைகள் அதை நம்பி நட்டவைதான். மயிலாடும்பாறையிலிருந்து தேனிக்கு வரும் வரை காற்று இடது தோளில் அடிக்கும். சாலையும் வைகையோடு சேர்ந்து மெல்ல இறங்குவதால் அது பெரிய தொல்லையாகத் தெரியாது. தேனியில் திரும்பிப் போடிப் பாதையில் ஏறியதும் காற்று நேர் எதிர்.

எதிர்க்காற்று மணிக்கு 18 கிலோமீட்டர் என்றால், 150 வாட் கொடுப்பவரின் வேகம் 27லிருந்து 18க்கு இறங்கிவிடும். அதே வேகத்தில் ஒருவர் பின்னால் ஒட்டிப் போனால் 115 வாட் போதும். பதினைந்து கிலோமீட்டர் தூரத்துக்கு இப்படி முன்னால் போவதை ஆளுக்குச் சில நிமிடம் என்று மாற்றிக்கொண்டால், பலம் குறைந்தவரும் பலம் மிக்கவரும் ஒரே நேரத்தில் போடிக்குள் நுழைவார்கள். பலம் குறைந்தவருக்கு இதற்காக யாரும் இரக்கம் காட்டவில்லை. காற்று அவரவர் பலத்தைச் சமப்படுத்திவிட்டது, அவ்வளவுதான்.

ரயில் போடியோடு நின்றுவிடுகிறது. இரும்புச் சக்கரத்துக்கும் இரும்புத் தண்டவாளத்துக்கும் இடையிலுள்ள பிடிமானம் மலையேறப் போதாது. நீலகிரியில் கல்லாறிலிருந்து ரயிலை மேலே கொண்டுபோக 1899இல் பற்சக்கரம் தேவைப்பட்டது. போடிக்கு மேலே அப்படி யாரும் முயலவில்லை. மூணாறுப் பக்கத்துத் தேயிலை, டாப் ஸ்டேஷனிலிருந்து கொட்டகுடிக்குக் கம்பிவடத்தில் தொங்கி இறங்கி, பிறகு போடிக்கு வந்தது. ரப்பர் டயருக்குத் தார்ச்சாலையில் பிடிமானப் பிரச்சினை இல்லை. அங்கே பிரச்சினை காலில்.

முந்தலிலிருந்து போடிமெட்டுக்கு ஏறத்தாழ 20 கிலோமீட்டர். ஏற வேண்டிய உயரம் 950 மீட்டர் அளவில். அதாவது நூறு மீட்டருக்கு ஐந்து மீட்டருக்குச் சற்றுக் குறைவான ஏற்றம். இந்தச் சரிவில் நம்முடைய 85 கிலோவைப் பூமி பின்னோக்கி இழுக்கும் விசை 40 நியூட்டன். டயர் உராய்வு 5 நியூட்டன். 150 வாட்டில் கிடைக்கும் வேகம் மணிக்கு 11 கிலோமீட்டர். அந்த வேகத்தில் காற்றின் எதிர்ப்பு இரண்டரை நியூட்டன்கூடக் கிடையாது. கீழே முக்கால் பங்கைத் தின்ற காற்று, இங்கே இருபதில் ஒரு பங்கு. அந்த இருபதில் ஒன்றில் மூன்றில் ஒரு பங்கை மிச்சம் பிடிப்பதற்காக யார் யாரை ஒட்டிப் போவது? ஒட்டிப் போனாலும் பலன் இல்லை. எடையை ஒருவருக்காக இன்னொருவர் சுமக்க வழியில்லை.

இங்கேதான் உடல்வாகு பேசத் தொடங்குகிறது. 55 கிலோ எடையுள்ள ஒருவரும் 80 கிலோ எடையுள்ள ஒருவரும் அதே 15 கிலோ சைக்கிளில், அதே 150 வாட்டில் போகிறார்கள் என்று கொள்வோம். குனியும் விதம் ஒன்றாக இருந்தால் சமவெளியில் இருவருக்கும் உள்ள வேக வித்தியாசம் மணிக்கு ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. முந்தலுக்கு மேலே ஒல்லியானவர் 13 கிலோமீட்டர் வேகத்திலும் கனமானவர் 10 கிலோமீட்டர் வேகத்திலும் போவார்கள். 20 கிலோமீட்டரில் இது அரை மணி நேர வித்தியாசம். இருவரின் உழைப்பும் ஒன்றே, மூச்சும் வியர்வையும் ஒன்றே. மேலே முதலில் வந்தவரைப் பலசாலி என்று தட்டிக்கொடுக்கும் முன் இதை ஒரு முறை நினைத்துப் பார்க்க வேண்டும். நீலகிரியைச் சுற்றி 2008 டிசம்பரில் தொடங்கிய டூர் ஆஃப் நீல்கிரிஸ் பயணத்தில் பேசப்படும் ஏற்றம், மசினகுடியிலிருந்து கல்லட்டி வழியாக உதகைக்கு ஏறும் 36 கொண்டை ஊசி வளைவுகள். போடிமெட்டைவிட அது மிகவும் செங்குத்து. செங்குத்துக் கூடக்கூட எடையின் ஆட்சியும் கூடும், குழு நீளும் தூரமும் கூடும்.

950 மீட்டர் உயரத்துக்கு 85 கிலோவைத் தூக்க வேண்டிய ஆற்றல் 790 கிலோஜூல். மின்கட்டணக் கணக்கில் இது கால் யூனிட்கூட ஆகாது. படிக்கிறவருக்கு ஏமாற்றமாக இருக்கலாம். இரண்டு மணி நேரம் உயிரைக் கொடுத்து மிதித்த கூலி கால் யூனிட்டா? ஒப்பிட்டுப் பார்க்க, இதே தேனி மாவட்டத்தில் கம்பம் பள்ளத்தாக்கின் தெற்குக் கோடியில் லோயர் கேம்ப் இருக்கிறது. பென்னிகுவிக் கட்டி 1895இல் திறக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணையின் தண்ணீர், மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக வந்து, ராட்சதக் குழாய்களில் இறங்கி, அங்கே மின்சாரம் எடுக்கப்பட்ட பிறகுதான் கம்பத்து வயல்களுக்குப் போகிறது. தண்ணீர் விழும் உயரம் ஏறத்தாழ 400 மீட்டர். அந்தக் குழாயில் ஒரு நீலப் பிளாஸ்டிக் டிரம் அளவு, அதாவது 200 லிட்டர் தண்ணீர் இறங்கினால் வரும் ஆற்றலும் போடிமெட்டுக்கு ஒரு மனிதர் ஏறிச் சேர்ந்த ஆற்றலும் ஒன்றுதான். குழாயில் அது நொடிக்கும் குறைவான நேரத்து ஓட்டம். இயந்திரங்களுக்குப் பக்கத்தில் மனிதத் தசை எவ்வளவு சிறியது என்பதும், அந்தச் சிறிய இயந்திரத்தை வைத்துக்கொண்டு ஒரு மலையே ஏறிவிட முடிகிறது என்பதும் எனக்குச் சேர்ந்தே வியப்பைத் தருகின்றன.

தசைக்கு இன்னொரு குறை உண்டு. உண்ட உணவின் ஆற்றலில் நான்கில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவானதே பெடலுக்குப் போகிறது. மீதி வெப்பம். 150 வாட் உழைப்பு வெளியே தெரியும்போது உள்ளே 500 வாட் வெப்பம் உண்டாகிக்கொண்டிருக்கிறது. அதை வெளியேற்ற வியர்வை ஆவியாக வேண்டும். மணிக்கு முக்கால் லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியானால் கணக்குச் சரியாகிவிடும். சமவெளியில் 27 கிலோமீட்டர் வேகத்துக் காற்று இந்த வேலையைச் சத்தமில்லாமல் செய்துவிடுகிறது. ஏற்றத்தில் வேகம் இல்லை, ஆகவே உடல்மேல் படும் காற்றும் இல்லை. வியர்வை ஆவியாகாமல் மூக்கு நுனியிலிருந்து சொட்டும். சொட்டிய வியர்வையால் உடல் குளிர்வதில்லை. உதவி மேலிருந்து வரும். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பநிலை ஆறு, ஆறரை டிகிரி குறையும். புலியூத்து அருவிப் பக்கம் வரும்போதே அது தோலில் தெரியும். உச்சியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ 15 சதவீதம் குறைவு. இந்த அளவுக்கு மூச்சு முட்டாது. முட்டினால் அதற்கு வேகம்தான் காரணம்.

சரியான வேகத்தைக் கண்டுபிடிக்க விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். “அண்ணே, நீங்க முன்னால போங்க, நான் மெல்ல வந்து சேர்றேன்” என்பதை ஒரே மூச்சில் சொல்ல முடிந்தால் வேகம் சரி. “அண்ணே” என்றதும் மூச்சு வாங்கினால் தசை தனக்கு வரும் ஆக்சிஜனுக்கு மேலே செலவு செய்கிறது என்று பொருள். உடற்பயிற்சி ஆய்வாளர்கள் இதைப் பேச்சுச் சோதனை என்றே சொல்கிறார்கள். பெரும்பாலான குழுக்களில் முதல் மூன்று வளைவுகளில் எல்லோரும் எல்லோருக்கும் ஈடுகொடுக்கப் பார்க்கிறார்கள். சமவெளியில் வந்த பழக்கம். அந்த மூன்று வளைவுகளில் தொலைத்ததைப் பத்தாவது வளைவில் திரும்பப் பெற முடியாது.

கியர் இல்லாத சாதாரண சைக்கிளில் இதே மலையில் ஏறியவர்களும் இருக்கிறார்கள். முன்பல்சக்கரத்தில் 44 பல், பின்னால் 18 பல் என்றால் பெடல் ஒரு சுற்றுக்கு வண்டி ஏறக்குறைய ஐந்தரை மீட்டர் நகரும். நூற்றுக்கு எட்டு ஏறும் இடத்தில் மணிக்கு 7 கிலோமீட்டர் வேகத்தில் போக, கால்கள் ஒரு நிமிடத்துக்கு 22 சுற்றுதான் சுற்றும். ஒவ்வொரு மிதியிலும் சராசரியாக 37 கிலோ அழுத்தம். பெடல் மேலும் கீழுமாக இருக்கும்போது அழுத்த முடியாது என்பதால் உச்ச அழுத்தம் ஏறத்தாழ அதன் இருமடங்கு. உடல் எடை முழுவதையும் பெடலில் ஏற்றி நிற்க வேண்டும். கியர் சைக்கிளில் முன்னும் பின்னும் 34 பல் என்று வைத்தால் ஒரு சுற்றுக்கு இரண்டு மீட்டர் சொச்சம்தான் நகரும், சராசரி அழுத்தம் 14 கிலோ. செய்யும் வேலை ஒன்றே, பல சிறிய மிதிகளாகப் பிரிந்துவிடுகிறது. டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில்கூட ஓடும்போதே கியர் மாற்றும் கருவியை 1937இல்தான் அனுமதித்தார்கள். அதுவரை ஓட்டுபவர்கள் மலையடிவாரத்தில் இறங்கிப் பின்சக்கரத்தைக் கழற்றித் திருப்பிப் போட்டுக்கொண்டு ஏறினார்கள். ஆகவே ஒற்றைக் கியர் சைக்கிளை இறங்கித் தள்ளிக்கொண்டு போகிறவரைப் பார்த்துச் சிரிக்க இடமே இல்லை. அவர் செய்வது சரியான பொறியியல்.

சாலை போட்டவர்களும் ஏறுகிறவரை மறக்கவில்லை. மலைச்சாலைகளுக்கான இந்தியச் சாலைக் காங்கிரஸின் நெறிப்படி, மலைப்பகுதியில் வழக்கமான சரிவு நூற்றுக்கு ஐந்து. கொண்டை ஊசி வளைவுக்குள் அது நாற்பதுக்கு ஒன்றைத் தாண்டக் கூடாது. லாரி திணறாமல் திரும்ப வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாட்டின் பலன் சைக்கிள்காரருக்கும் கிடைக்கிறது. வளைவுக்குள் நுழைந்ததும் கால் லேசாகும். அதிலும் இடப்பக்கம் திரும்பும் வளைவும் வலப்பக்கம் திரும்பும் வளைவும் ஒன்றல்ல. நாம் சாலையின் இடப்புறம் போகிறவர்கள். இடது வளைவில் உள்வட்டத்தில் சிக்குவோம். தூரம் குறைவு, ஏற வேண்டிய உயரம் அதேதான், ஆகவே செங்குத்து அதிகம். வலது வளைவில் வெளிவட்டம் கிடைக்கும். தூரம் கொஞ்சம் கூடினாலும் சரிவு இளகும். மூச்சைச் சேர்த்துக்கொள்ள வேண்டிய இடம் வலது வளைவு. செங்குத்துக்குப் பயந்து எதிர்ப்பக்கத்துக்குப் போய்விடக் கூடாது. ஏலக்காய்த் தோட்டத்து ஜீப்புகள் அந்தச் சாலையில் வந்துபோய்க்கொண்டே இருக்கும்.

சாப்பாட்டு விஷயத்தில் இந்த ஊர்க்காரர்களுக்கு வெளியே தேட வேண்டியதில்லை. உடலில் சேமித்திருக்கும் கிளைக்கோஜன் அரைக் கிலோவுக்கு உள்ளே. கடும் உழைப்பில் அது சில மணி நேரத்துக்கு மேல் தாங்காது. தீர்ந்துபோனால் கால் நகராது, கண் மங்கும், காரணமில்லாத கோபம் வரும். ஆகவே போடிக்கு முன்பிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட்டுக்கொண்டே வர வேண்டும். குடல் ஒரு மணி நேரத்தில் உள்ளே அனுப்பக்கூடிய குளுக்கோஸ் 60 கிராம் அளவில் நின்றுவிடும். அந்தக் கதவு அடைத்த பிறகும் ஃபுருக்டோஸுக்கு வேறு கதவு உண்டு. இரண்டும் கலந்து சாப்பிட்டால் மணிக்கு 90 கிராம் வரை போகும். பந்தயக்காரர்கள் இதற்கென்று பாக்கெட்டில் அடைத்த கூழ் வாங்குகிறார்கள். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சையில் இந்த இரண்டு சர்க்கரையும் ஏறக்குறைய சம அளவில் இயற்கையாகவே இருக்கின்றன. தண்ணீருடன் உப்பும் போக வேண்டும். வெறும் தண்ணீரை மட்டும் அளவுக்கு மீறிக் குடித்தால் இரத்தத்தில் சோடியம் குறைந்து உயிருக்கே ஆபத்தாகலாம். 2002 பாஸ்டன் மாரத்தானில் இரத்தம் எடுத்துப் பார்த்த 488 பேரில் 13 சதவீதம் பேருக்குச் சோடியம் இயல்பைவிடக் குறைந்திருந்தது. உப்புப் போட்ட மோர் இந்த ஊரில் எந்தக் கடையிலும் கிடைக்கும்.

சேர்த்து வைத்த 790 கிலோஜூலும் இறங்கும்போது திரும்பி வரும், அதை எங்கே போடுவது என்பதுதான் கேள்வி. பிரேக்கே பிடிக்காமல் விட்டால் வேகம் 43 கிலோமீட்டரில் போய் நிற்கும். மிச்சம் முழுவதையும் காற்று வாங்கிக்கொள்ளும். வளைவுக்குப் பயந்து 20 கிலோமீட்டரிலேயே பிடித்து வைத்தால், பிரேக்கில் இறங்கும் வெப்பம் 150 வாட். ஏறும்போது கால் கொடுத்த அதே திறன். ரிம் பிரேக் என்றால் ரிம் சூடேறி டியூப் வெடிக்கும் அபாயம் இருக்கிறது. வளைவுக்கு முன் நேர்ச்சாலையில் அழுத்திப் பிடித்து, பிறகு முழுவதுமாக விட்டு, ரிம்முக்கு ஆற நேரம் கொடுக்க வேண்டும். நனைந்த சட்டையோடு மேலிருந்து இறங்குகிறவர்கள் நெஞ்சுக்குள் நாளிதழ் ஒன்றைச் செருகிக்கொள்வது ஐரோப்பிய மலைப் பந்தயங்களில் பழைய வழக்கம். போடிமெட்டு டீக்கடையில் கேட்டால் பழைய பேப்பர் கொடுப்பார்கள்.

அந்த டீக்கடைக்கு முதலில் வந்தவர் டீ குடித்து, சட்டை காய்ந்து, கால் நீட்டி உட்கார்ந்து அரை மணி நேரம் ஆகியிருக்கும். கடைசி ஆள் வந்ததும் “எல்லாரும் வந்தாச்சு, கிளம்புவோம்” என்று ஒருவர் எழுந்துவிடுவார். பல குழுக்களில் நடப்பது இதுதான். பூமி அதிகம் இழுத்தது யாரையோ, அவருக்கு ஓய்வே இல்லை. குறைந்த தூக்கமும் குறைந்த உணவும் அவருக்கே சேர்ந்து, மூன்றாம் நாள் அவரால் முடியாமல் போகிறது. அதையும் அவருடைய பலவீனம் என்று எழுதிவிடுகிறார்கள். கடைசியாக வந்தவர் தன் டீயைக் குடித்து முடித்து, போகலாம் என்று சொன்ன பிறகு குழு கிளம்ப வேண்டும். அதற்குள் உடம்பு குளிர்ந்துவிடும் என்று முதலில் வந்தவர் கவலைப்பட்டால், இரண்டு வளைவு கீழே இறங்கிப் போய்க் கடைசி ஆளோடு பேசிக்கொண்டே மறுபடி ஏறி வரலாம். அவர் எடைக்கு அது பத்துப் பதினைந்து நிமிட வேலை.